பழைய துப்பாக்கிக்குப் புதிய தோட்டா

நவராத்திரிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. புனே நகரில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்திருந்தார். காப்பி அருந்தி முடித்ததும், அவர் உள்ளே சென்று ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமீது வைத்தார். பெட்டிக்குள் சிவப்புப் பட்டுத் துணி. துணிக்குள் உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு ரிவால்வர். குழல் குட்டையானது. பிடிக்குப் புதிதாக வாதுமை மரம் பொருத்தப்பட்டிருந்தது. எஃகு முழுவதும் நீலக் கறுப்பாக மின்னியது.

"நூற்றுமுப்பது வயசுக்குக் குறையாது. ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் துருப்பிடித்த பூட்டு என்றே சொல்லியிருப்பீர்கள். இப்போது விசையை இழுத்தால் உருளை கடிகாரம் போலச் சுழல்கிறது" என்றார் நண்பர். அவர் முகத்தில், நோயிலிருந்து மீண்ட பிள்ளையைக் காட்டும் தகப்பனின் பூரிப்பு இருந்தது.

துப்பாக்கி அவருடைய தந்தையாருடையது. அவர் குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். கூலி நாளன்று ஊருக்குள் போய்ப் பாங்கிலிருந்து பணம் எடுத்து மலையேறி வரவேண்டும். அந்த வழிக்குத் துணையாக, 1958ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய ஆங்கிலேய மானேஜர் இதை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். கள்வர்மீது ஒருநாளும் அது வெடித்ததில்லை. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, ஆயுத பூஜை மாலையில் வெடித்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை வழங்கி முடிந்தபின், ஆளில்லாத பள்ளத்தாக்கை நோக்கிக் குமாஸ்தா ஐயா ஒரு வேட்டு வைப்பார். குழந்தைகள் கைதட்டுவார்கள். 1970களில் தோட்டா கிடைப்பது அரிதாகிப் போகவே, எஞ்சியிருந்த 11 தோட்டாக்களை ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார், வேட்டும் நின்றது.

தந்தையார் 2019இல் காலமானார். இவ்விடத்தில் நேயர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். லைசென்ஸ்தாரர் மறைந்த அன்றே அவருடைய லைசென்ஸ் பயனற்றதாகிவிடுகிறது. வாரிசு என்ற உரிமையால் மட்டும் ஒருவர் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, காலதாமதமின்றி அதை அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். பிறகுதான் வாரிசு தம் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். வெளி மாநிலத்தில் குடியேறிவிட்ட நம்மவரிடையே, ஊரிலுள்ள பூர்வீக வீட்டு அலமாரியைக் காலி செய்யும்போது இப்படி ஒரு பெட்டி அகப்படுவதுண்டு. 'தாத்தாவின் ஞாபகம்' என்று சூட்கேஸில் வைத்து ரயிலேறுகிறவர், தாம் குற்றம் புரிவதையே அறியமாட்டார். 'நூறு வருஷத்துப் பழம்பொருள்தானே, அதற்கு எதற்கு லைசென்ஸ்?' என்று கேட்பவரும் உண்டு. சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள ஆயுதத்துக்கே அந்த விலக்கு. வயது ஏறிவிட்டது என்பதனால் மட்டும் ஒரு துப்பாக்கி பொம்மையாகிவிடாது.

நம் நண்பர் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், காகிதங்களில் பிசகமாட்டார். முறைப்படி ஒப்படைத்தார், விண்ணப்பித்தார், காத்திருந்தார். 2022இல் புனேயில் அவர் பெயருக்கு லைசென்ஸ் கிடைத்தது. தந்தையாரின் பழைய புத்தகத்தில் '320 ரிவால்வர்' என்று கையால் எழுதியிருந்தது. புதியதில் '.32 ரிவால்வர்' என்று அச்சாகி வந்தது. கணக்குப்படி புள்ளிக்குப் பின்வரும் கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை அல்லவா? வாழ்நாளெல்லாம் எண்களோடு பழகிய நம் நண்பரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

துப்பாக்கியைப் புதுப்பிக்கும் எண்ணம் அவருடைய அன்னையாரால் வந்தது. அம்மையாருக்கு அப்போது வயது 86. நடை தளர்ந்துவிட்டது, நினைவு தளரவில்லை. "உங்க அப்பா வைக்கிற அந்த வேட்டு, ஒரே ஒரு தடவை. நான் போகிறதுக்குள்ளே" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் வைத்துவிட முடியாது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுடுவது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஆகவே அனுமதி பெற்ற ஒரு சுடுதளத்துக்கு அன்னையாரை நாற்காலியில் அழைத்துச் சென்று, அங்கே ஒரு வேட்டு வைப்பதென நண்பர் தீர்மானித்தார். தளத்தாரிடமும் பேசி வைத்தார். எஞ்சியது தோட்டா ஒன்றுதான்.

தோட்டாக் கடையில் அவருக்கு முதல் வியப்பு காத்திருந்தது. '.32' என்று கேட்டால் இரண்டு வகையை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று நீளமானது, அடியில் விளிம்பு உடையது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1896இல் வெளியிட்ட '.32 லாங்' அது. கான்பூர் தொழிற்சாலையில் பொதுமக்களுக்காகச் செய்யப்படும்.32 ரிவால்வர்களுக்கு உரியது. மற்றொன்று குட்டையானது; ஜான் பிரௌனிங் வகுத்து 1899இல் வெளிவந்த '7.65'. கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிச் சுடும் தானியங்கிப் பிஸ்டலுக்காகப் பிறந்தது. இரண்டுக்கும் குண்டின் குறுக்களவு ஏறத்தாழ .312 அங்குலம், இரண்டையும் ஊரார் '.32' என்றே அழைக்கிறார்கள். ஆனால் அமெரிக்கத் தர அளவுகளின்படி, நீளமானதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. குட்டையானதற்கோ 20,500 பவுண்டு. உருவத்தில் சிறியதுதான் சினத்தில் பெரியது.

நண்பரின் ரிவால்வரில் இரண்டுமே நுழையவில்லை. நீளமானது நுழைந்தாலும் பயனில்லை; அதன் முழு நீளம் 32 மில்லிமீட்டருக்கு மேல், உருளையின் நீளமோ 27தான்; குண்டின் மூக்கு வெளியே நீட்டி உருளையைச் சுழலவிடாது. குட்டையானது ஒரு மயிரிழையில் சிக்கி நின்றது. புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றிருந்த பட்டறையினர், (எந்த ஊர், எவர் என்பதெல்லாம் இங்கு வேண்டாம்) "அறைகளில் பழைய துரு படிந்து சுருங்கியிருக்கிறது, சற்றே துடைத்துக் கொடுக்கிறோம்" என்றார்கள். துடைத்தும் கொடுத்தார்கள். அதன்பின் 7.65 தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நண்பர் 10 தோட்டாக்கள் வாங்கினார். நமக்குக் காட்டியது அந்த மகிழ்ச்சியோடுதான்.

நமக்கு ஆயுத விஷயத்தில் அறிவு மிகக் குறைவு. ஆனால் சங்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். கிர்க்கி என்று வெள்ளையர் எழுதிய கட்கியில் 1869ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தோட்டாத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அவருக்கோ அது என்றும் 'நம்ம பாக்டரி'தான். "சுடுவதற்கு முன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடலாமே" என்றோம். நண்பருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை அவர் முகம் காட்டியது, எனினும் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியவர் வந்தார். கையில் ஓர் அளவுகோல் இடுக்கி, ஒரு பூதக்கண்ணாடி, பாலிஷ் போட்ட மூங்கில் குச்சி ஒன்று. "காலிதான் ஐயா" என்று நண்பர் நீட்டியதை வாங்கியவர், அவர் பேச்சைக் காதில் வாங்காதவர்போல் பக்கக் கதவைத் திறந்து, உருளையை ஒவ்வோர் அறையாகத் திருப்பி, ஐந்திலும் விரல்நுனியை வைத்துப் பார்த்தார். பிறகு குச்சியைக் குழலில் விட்டு எடுத்தார். அதன்பின்னரே நாற்காலியில் அமர்ந்தார்.

"இது புல்டாக் ஜாதி" என்றார். பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் 1872இல் அறிமுகம் செய்த சட்டைப்பை ரிவால்வரின் பெயர் அது. அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை 1881இல் சுட்டது இந்த வகையில் சற்றுப் பெரிய ஒன்று. மூல நிறுவனம் செய்தவற்றோடு, பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பட்டறைகள் அதைப் பார்த்துச் செய்தவையும் ஏராளம். பெரியவர் பூதக்கண்ணாடியை நம்மிடம் தந்து உருளையின் பின்புறத்தைக் காட்டினார். ஒரு நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று மூன்று எழுத்துக்கள், நுண்ணியதாக. "லியேஜ் சோதனைச் சாலை முத்திரை. 1893க்குப் பிறகு இதன் தலைக்குமேல் ஒரு கிரீடம் வைத்தார்கள். இதில் கிரீடம் இல்லை, பார்த்தீர்களா? புகையற்ற மருந்துக்குச் சோதித்த குறியும் எங்கேயும் இல்லை."

இனி அவர் சொன்னதை நம் நடையில் தருகிறோம். பழைய துப்பாக்கியின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது.

அக்காலத் தோட்டாக்களில் நிரப்பியது கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. நம் சிவகாசி வெடிகளின் மூதாதை. தோட்டாவின் வயிறு நிறைய அதை அடைத்தாலும், எழும் அழுத்தம் ஓர் எல்லைக்குள்ளேயே நிற்கும். அந்த எல்லைக்கு ஏற்ற எஃகை, சில இடங்களில் வெறும் இரும்பையே, வைத்துத் துப்பாக்கி செய்தார்கள். 1884இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் வியேல் புகையற்ற வெடிமருந்தைக் கண்டபின் உலகம் மாறிற்று. சிறிதளவு மருந்தே போதும், வலிமையோ பன்மடங்கு. புதிய துப்பாக்கிகள் உயர்ந்த எஃகில் அதற்கேற்பப் பிறந்தன. சோதனைச் சாலைகளும் புகையற்ற மருந்துக்கெனத் தனி முத்திரை இடத் தொடங்கின. பர்மிங்காமில் கிரீடத்தின்கீழ் என்.பி. என்ற எழுத்துக்கள் அதைக் குறிக்கும். அத்தகைய குறி இல்லாத பழைய ஆயுதத்தில் இக்காலத் தோட்டா நுழைகிறது என்பதனாலேயே அது பொருந்துகிறது என்று கொள்வது, பூட்டைத் திறக்கும் சாவியெல்லாம் நம் வீட்டுச் சாவி என்று சொல்வது போலாகும்.

"அப்படியானால் இதற்கு உரிய தோட்டா எது?" என்று நண்பர் கேட்டார்.

பெரியவர் குழலின் பக்கத்தைச் சாய்த்துக் காட்டினார். மெருகுக்கு அடியில் மங்கலாக '320' என்று தெரிந்தது. அது '.32' அன்று. 1870களில் இங்கிலாந்தில் வழங்கிய தனித்த ஒரு வகை; .320 என்பது அதன் பெயர். அதன் பித்தளைக் கூடு இக்கால .32 வகைகளைவிட ஒல்லியானது, குண்டு மெல்லிய ஈயத்தாலானது. அலமாரியிலிருந்த ஹார்லிக்ஸ் டப்பாவை வரவழைத்துப் பார்த்தோம். பர்மிங்காம் கைனாக் நிறுவனத்தின் தோட்டாக்கள்; அடியில் அதே எண், பூஜ்யத்தோடு.

பிறகு இடுக்கி வேலை தொடங்கிற்று. பெரியவர் ஒவ்வோர் அறையின் வாயையும் இருமுறை அளந்து, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தார். நண்பர் அவருடைய பென்சில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையார் துருவைத் துடைக்கவில்லை. உளியிட்டு அறைகளையே அகலப்படுத்தியிருந்தார்கள். அகலித்தது அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் உருளையின் வெளிப்புறத்தில் ஒவ்வோர் அறைக்கும் நேர் மேலே, சுழற்சியை நிறுத்துவதற்கான ஒரு வெட்டுக்குழி உண்டு. அங்கே எஞ்சிய சுவரின் கனம் முக்கால் மில்லிமீட்டர்.

"தம்பி, உங்க வீட்டு எவர்சில்வர் தட்டு இதைவிடக் கனம்" என்றார் பெரியவர்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. "முதல் குண்டு போயிருக்குமோ?" என்று நாம்தான் கேட்டோம்.

"போயிருக்கலாம். இரண்டாவதும் போயிருக்கலாம். அதுதான் ஆபத்து. ஒன்று போனால் தைரியம் வந்துவிடும்." உருளை பிளந்தால் துண்டுகள் முன்னே போகா, மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கும். சுடுபவரின் விரல்களும் நெற்றியும், பக்கத்தில் நிற்பவரின் கண்களும் அந்தத் திசையில் இருக்கும். அன்னையாரின் நாற்காலியை எங்கே போடுவதாக இருந்தது என்று பெரியவர் வினவினார். நண்பர் பதில் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த 11 பழைய தோட்டாக்களாவது ஆகுமா என்றால், அதற்கும் பெரியவர் இசையவில்லை. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. நீண்ட காலம் கிடந்த தோட்டா மூன்று விதமாக ஏமாற்றும். சில வெடிக்கவே வெடிக்கா. சில, விசையை இழுத்து ஓரிரு விநாடி கழித்து வெடிக்கும். 'என்ன ஆயிற்று' என்று குழலைத் திருப்பிப் பார்ப்பவன் கதி என்ன? வெடிக்காத தோட்டா எதுவாயினும், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிஷமாவது அசையாது நிற்கவேண்டும் என்பது சுடுதளத்து விதி. மூன்றாவதுதான் கொடியது: மருந்தில் பாதி நமுத்துப்போய், குண்டு குழலின் நடுவழியிலேயே நின்றுவிடும். சத்தம் சற்றுக் குறைந்ததை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கும். பெரியவர் மூங்கில் குச்சி கொண்டுவந்த காரணம் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வேறு வழிகளையும் அலசினோம். நம் நாட்டுத் தோட்டாக் கடைகளில் .320 வகை வருவதில்லை. பழைய கூட்டில் கருமருந்து நிரப்பி நாமே செய்துகொள்ளலாமே என்று நண்பரின் மகன், பொறியியல் படித்த இளைஞர், ஆர்வத்தோடு கேட்டார். தோட்டா செய்வதற்கு 5ஆம் பிரிவின்கீழ்த் தனி லைசென்ஸ் வேண்டும். வீட்டு மேஜையில் செய்வது குற்றம். தவிர, எந்தத் தோட்டா கிடைத்தென்ன? அகலப்படுத்திய அறையில் ஒல்லியான பழைய கூடு உப்பிக் கிழிந்துபோகும். உரிய தோட்டாவுக்கும் இடமில்லை, உரியதல்லாததற்கும் வலுவில்லை என்ற நிலைக்கு அந்த ஐந்து அறைகளும் வந்துவிட்டன. துருப்பிடித்த பூட்டாக இருந்தபோது அது ஒருவருக்கும் தீங்கு செய்யாததாக இருந்தது என்பதை நினைக்க நமக்கு வேதனையாக இருந்தது.

பெரியவர் போகுமுன் இன்னொன்றும் சொன்னார். ராணுவத்தில் இருந்த பாட்டனார் விட்டுச்சென்ற .455 அல்லது .38 ரிவால்வர் எவர் வீட்டிலேனும் இருந்தால், அதன் கதையே வேறு. அந்த ராணுவத் தோட்டாக்களை ஏற்கும் ஆயுதங்கள் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தனியார் அவற்றை வைத்திருக்க இயலாது. தோட்டா தேடிக் கிளம்புவதற்கு முன் குழலிலும் உருளையிலும் உள்ள எண்ணையும் முத்திரைகளையும் ஒரு காகிதத்தில் வரைந்து, பழைய லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலை. நம் நண்பர் அதைச் செய்திருந்தால் அந்தப் பூஜ்யம் கண்ணில் பட்டிருக்கும்.

மறுவாரம் 10 பிஸ்டல் தோட்டாக்களும் கடைக்குத் திரும்பின. ஹார்லிக்ஸ் டப்பாவிலிருந்த 11ஐயும் வியாபாரி முறைப்படி ஒப்புக்கொண்டு லைசென்ஸில் பதிவு செய்தார். அறைகள் மாற்றப்பட்டதையும், எண் பிழையாகப் பதிவாகியிருப்பதையும் எழுதி, இனி ஒருபோதும் சுட இயலாதவாறு லைசென்ஸ் பெற்ற தொழிலாளரைக் கொண்டு செயலிழக்கச் செய்ய அனுமதி கேட்டு நண்பர் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்.

அன்னையாரிடம் சொல்வதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. நம்மையும் உடன் வைத்துக்கொண்டு, விஜயதசமிக்கு முதல் நாள் காலை, கொலுப்படியின் அருகில் அமர்ந்து மெல்லச் சொன்னார். சரஸ்வதி பூஜைக்காகப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் பக்கத்தில் அந்தப் பெட்டி, சந்தனப் பொட்டுடன். வேட்டுச் சத்தம் இந்த ஆண்டு மட்டுமல்ல, எந்த ஆண்டும் இல்லை என்றார்.

அம்மையார் மகனைச் சற்று நேரம் பார்த்தார். "சத்தத்துக்கு என்னப்பா, எனக்குத்தான் இரண்டு காதும் போய் ஆறு வருஷமாச்சே. வெடித்ததும் வருமே ஒரு கந்தக வாசனை, பனியோடு கலந்து. உங்க அப்பா சட்டையில் ராத்திரி வரைக்கும் இருக்கும். அதைத்தான் கேட்டேன்" என்றார்.

பெரியவரிடம் இதைத் தெரிவித்தபோது அவர் சிரித்தார். கடையில் வாங்கிய அந்தப் புதிய தோட்டா வெடித்திருந்தாலும் அந்த வாசனை வந்திராது. புகையற்ற மருந்தில் கந்தகம் கிடையாது என்றார். தீபாவளியன்று மாலை, நண்பரின் மகன் சிவகாசிப் பூச்சட்டி ஒன்றை மாடியில் வைத்துக் கொளுத்தினார். அம்மையாரின் நாற்காலியைப் புகை வரும் திசையில், பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்கள்.